கதீசா மாமியின் நான்கு திண்டுகள்

என் அம்மா, என் திரேசம்மா,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குச் செய்துதந்த சத்தியத்தை மீறிவிட்டேன். மீறியது போதாதென்று அதை எழுதியும் வைக்கிறேன், ஊர் வாசிக்கட்டும் என்று. கோபம் வரும், தெரியும். கோபம் வந்தால் நீங்கள் மூன்று நாள் பேசமாட்டீர்கள், கறியில் உப்பையும் கூட்டிப் போடுவீர்கள். அதையெல்லாம் தாண்டித்தான் வளர்ந்தேன்.

நல்ல செய்தியை முதலில் தருகிறேன். ரெயில் கோச்சி திரும்ப ஓடுகிறது. நீங்கள் கண்மூடியபோது தண்டவாளம் கிடந்த இடத்தில் உடைமரம் முளைத்திருந்தது. இப்போது கொழும்பிலிருந்து தலைமன்னார்வரை வந்து போகிறது. நான் ஒரு ரெயில் கடவையில் கேற்காரி, கையில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும். நிரந்தரமா என்று கேட்பீர்கள். இல்லை, தற்காலிகம்தான். அது வேறு சண்டை.

கோச்சி போகும்போது எல்லாரும் யன்னலைப் பார்த்துக் கை காட்டுவார்கள். என் கண் சில்லுக்குத்தான் போகிறது. புதிய பெட்டிகளின் அச்சுக்கு நீங்கள் தைத்த திண்டு தேவையில்லை, அதெல்லாம் எப்போதோ மாறிவிட்டது. இருந்தாலும் கடைசிப் பெட்டி தாண்டும்வரை எங்காவது புகை வருகிறதா என்று பார்க்கிறேன். ஏன் பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாதா அம்மா?

இனி விஷயத்துக்கு வருகிறேன். பழைய ரெயில் பட்டறை இருந்த இடத்தில் ஒரு வரலாற்றுப் பலகை வைக்கப் போகிறார்கள். மூன்று மொழியிலும் எழுதி, மேலே சிறு கூரையும் போட்டு. அதற்கு ஒரு குழு, குழுவுக்குச் செயலாளர் லம்பேட் அண்ணை. கந்தோரில் எழுத்தர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் சட்டைப் பையில் இரண்டு பேனை குத்திக்கொண்டு திரிகிறவர். பலகையில் வரப்போகும் பெயர்களைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். மேற்பார்த்த போமன்மார், இரும்பு பூட்டிய பிற்றர்மார், தச்சர், கொல்லர், பெயின்ற் அடித்தவர் எல்லாரும் இருந்தார்கள். பிற்றர்மாரில் முதலாவது அப்பா, மரியதாஸ்.

"அம்மாட பேர் எங்கை அண்ணை?" என்றேன்.

"கொம்மாவோ? கொம்மா பட்டறையிலை வேலை செய்தவவோ? இடாப்பிலை இல்லையே."

பேர் பதிந்த இடாப்பில் இல்லை. அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அவருக்குச் சொன்னதை இங்கே எல்லாருக்குமாகச் சொல்கிறேன்.

அது பெரிய பட்டறை இல்லை. தகரக் கூரை, இரண்டு தண்டவாளம், ஆள் இறங்கி நின்று பெட்டியின் அடியைப் பார்க்க ஒரு கிடங்கு, ஒரு கொல்லுலை, கையால் சுற்றித் தூக்கும் பாரந்தூக்கி ஒன்று. சில்லைக் கடைவதென்றால் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். ஆனால் கப்பலில் இந்தியாவிலிருந்து வந்த சாமானை ஏற்றிப்போன பெட்டியும், நம் கருவாட்டை ஏற்றிப்போன பெட்டியும், சனம் ஏறிப்போன பெட்டியும் உடைந்து நொந்து அங்கேதான் வந்து நின்றன. பலகை மாற்றி, கதவு பூட்டி, அச்சுப்பெட்டியைத் துடைத்து அடைத்து அனுப்பினார்கள்.

அச்சுப்பெட்டி என்றால் இந்தக்காலப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சில்லு கோர்த்த இரும்பு அச்சின் நுனி ஒரு பெட்டிக்குள் இருந்து சுழலும். அதற்கடியில் எண்ணெயில் ஊறிய ஒரு திண்டு இருக்கும். அச்சு சுழலச் சுழலத் திண்டு எண்ணெயைத் தடவிக்கொண்டே இருக்கும். எண்ணெய் தடவாவிட்டால் அச்சு சூடேறும், புகையும், பற்றும். ஒரு சாமான் பெட்டிக்கு நான்கு சில்லு, நான்கு அச்சுப்பெட்டி, நான்கு திண்டு.

கொழும்பு ஸ்டோர்ஸ் அனுப்பிய திண்டு கொழும்புக்குச் சரி. சோளகக் காற்று அடிக்கும்போது தலைமன்னாரில் வாய்க்குள்ளேயே மண் போகும், அச்சுப்பெட்டிக்குள் போகாதா? எண்ணெயும் மண்ணும் சேர்ந்து களியாகிவிடும். ஒரு நாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன நீங்கள் அவர் அந்தக் களியைச் சுரண்டுவதைப் பார்த்தீர்கள். "இது வலை கட்டத் தெரியாத ஆரோ தைச்ச திண்டு" என்று சொல்லி ஒன்றைக் கையோடு எடுத்துவந்தீர்கள். அதைப் பிரித்து, பஞ்சை இறுக்கி, கன்வஸ் சுற்றி, வலை நூலால் இரட்டை முடிச்சுப் போட்டு, பின்பக்கம் மண் புகும் இடுக்கை மூட ஒரு காது வைத்துத் தைத்தீர்கள். போமன் சிரித்துக்கொண்டு அதை ஒரு பெட்டியில் போட்டார். பெட்டி கொழும்புக்குப் போய்த் திரும்பியது. கையை வைத்துப் பார்த்தபோது அச்சுப்பெட்டி குளிர்ந்திருந்ததாம். அன்றோடு சிரிப்பு நின்றது.

பிறகு நீங்கள் ஐந்து பேரானீர்கள். நீங்கள், கதீசா மாமி, லூர்து அக்கா, பிரகாசி அக்கா, ஆயிசா உம்மா. பட்டறைக்குப் பின்னால் ஓலைக் கொட்டிலில் இருந்து, பட்டறை மணிக்கு வந்து பட்டறை மணிக்குப் போனீர்கள். மூன்று வருசம் தலைமன்னாரில் அடைத்த பெட்டி ஒன்றுகூட வழியில் சூடேறவில்லை. அதை அப்பா எத்தனை பேருக்குப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

அதற்குப் பிறகு, கொழும்புக்குப் போகும் வழியில் முருங்கனில் ஒரு கருவாட்டுப் பெட்டி தீப்பற்றியது.

கடைசிப் பெட்டியில் இருந்த கார்ட் கண்டு கோச்சியை நிறுத்தியதால் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. கருவாடும் பெட்டியும் கருகிப்போயின, பாதை ஒரு நாள் முழுக்க அடைபட்டது. விசாரணைக்கு ஆள் வந்தது. திண்டு சாம்பலாகிவிட்டது, சாம்பலைப் பார்த்து யார் தைத்ததென்று எப்படிச் சொல்வது? அந்தப் பெட்டியை அடைத்த பிற்றரைக் கேட்டார்கள். அப்பா சொன்னார், பெண்கள் தைத்த திண்டு என்று. அடுத்த நாள் காலமை ஐந்து பேரையும் பட்டறை வாசலில் நிறுத்தி, இனி உள்ளே வரக்கூடாது என்றார்கள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. நானும் பார்த்தேன், எனக்குப் பத்து வயது.

அந்தக் கிழமையே ஒரு மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். வளவுக்குப் பின்னால் கறுத்த புகை. நீங்கள் ஒரு சாக்கிலிருந்து எடுத்து எடுத்து நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. காது வைத்த திண்டுகள், எண்ணெய் ஊறியவை. என்னவென்று கேட்டேன். "பழந்துணி. உள்ளுக்குப் போ" என்றீர்கள். அம்மா, எனக்குப் பழந்துணி எதென்றும் திண்டு எதென்றும் தெரியாதா? என் விளையாட்டுப் பொம்மையின் தலையணையே உங்கள் திண்டின் வெட்டுத்துண்டுதானே.

கேட்காமல் விட்டேன். மன்னார் ஆசுபத்திரிக் கட்டிலில் அப்பாதான் கடைசியில் வாய் திறந்தார்.

"செலின், முருங்கனிலை பத்தினது கொம்மாக்கள் தைச்சது இல்லை. அண்டைக்கு மேலிடத்து ஆக்கள் பட்டறை பாக்க வாறதெண்டு, கண்டது கடியதைக் கழட்டிப்போட்டு ஸ்டோர்ஸ் திண்டைப் போடச் சொன்னவர் போமன். அது ரெண்டு நாள் எண்ணெயிலை ஊறோணும். எனக்குக் காலமைதான் தந்தவர். நான் மேலாலை எண்ணெயை ஊத்திப்போட்டு மூடினனான். கழட்டின நாலையும் சாக்கிலை கட்டி வீட்டை கொண்டந்திட்டன்."

அவர் அழவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். அடுத்த கிழமை போய்விட்டார்.

அப்பாவின் எட்டுச் செலவு முடிந்த அன்றே உங்களிடம் கேட்டேன். நீங்கள் மறுக்கவில்லை. "சொல்லியிருந்தா அந்த மனுசன்ரை வேலை போயிருக்கும். நீயும் தம்பியும் என்னத்தைத் திண்டிருப்பியள்?" என்றீர்கள். செபமாலையை என் கையில் வைத்துச் சத்தியம் வாங்கினீர்கள். அப்போது எனக்கு நீங்கள் தேவதையாகத் தெரிந்தீர்கள். தன் பேரைத் தானே நெருப்பில் போட்டு எங்களுக்குச் சோறு போட்ட தாய் என்று எத்தனை பூசையில் உங்களுக்காக அழுதிருப்பேன்.

இனித்தான் நீங்கள் கேட்க வேண்டிய பகுதி.

நான் விடாமல் நின்றதால் லம்பேட் அண்ணை கொழும்பில் யாரையோ பிடித்து அந்த விசாரணைப் பைலின் பிரதி ஒன்றை எடுத்துவந்தார். அதில் நீங்கள் இருக்கிறீர்கள் அம்மா. பட்டறைக்கு வெளியே பெண்கள் தைத்த தரமற்ற திண்டுதான் காரணம் என்று ஒரே ஒரு வரி. பேர் இல்லை, குற்றம் மட்டும் இருக்கிறது.

"இதுக்குப் பிறகு அவையின்ரை பேரைப் போட்டா, நாளைக்கு ஆரும் பைலைக் கிளறினா என்னெண்டு சொல்லுறது?" என்றார். பைலை மூடிவிட்டு, "வேணுமெண்டா பெண்களும் உதவினவை எண்டு பொதுவாப் போடுவம்" என்றார்.

"கரைவலை இழுக்கேக்கை வழியிலை போறவன் ஒருக்காக் கயிறு பிடிச்சால் அது உதவி, அண்ணை. மூண்டு வருசம் மணிக்கு வந்து மணிக்குப் போனது வேலை. பேரோடை போடுங்கோ."

"அப்பிடியெண்டா உயிரோடை இருக்கிற ஆளிட்டைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ பாப்பம்."

ஐந்து பேரில் இன்று உயிரோடு இருப்பது கதீசா மாமி மட்டும்தான். முஸ்லிம் ஆக்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது உடுத்த உடுப்போடு புத்தளம் போனவ, இப்போது எருக்கலம்பிட்டியில் மகளோடு இருக்கிறா. பஸ் ஏறிப் போனேன். கண்ணில் ஒப்பரேசன் செய்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முன் விறாந்தையில் கதிரையில் இருந்தா. குரலை வைத்தே என்னைப் பிடித்துவிட்டா. தேத்தண்ணி வந்தது, தொதல் வந்தது. பலகையைப் பற்றிச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவ, கடைசியில் ஒரே சொல்லில் மறுத்தா.

"என்ட பேரைப் போடாதை மகள்."

"ஏன் மாமி?"

"முருங்கனிலை எரிஞ்சது நான் தைச்சது."

எனக்கு விளங்கவில்லை. மாமி மெதுவாகச் சொன்னா. "அது நோம்பு மாசம். நாலுமே நான்தான் தைச்சனான், நானே பெட்டியடிக்குக் கொண்டுபோய்க் குடுத்தனான். பின்னேரம் தலைசுத்து. ரெண்டாம் முடிச்சை இறுக்கினனோ, விட்டனோ எண்டு இண்டுவரைக்கும் தெரியேல்லை. என்னாலை அஞ்சு பேருக்கும் கெட்ட பேர். திரேசாக்கு அது தெரியும், என்ட முடிச்சு அவக்குத் தெரியாதோ? ஒரு நாள் ஒரு சொல் என்னைக் கேக்கேல்லை. அப்பிடி ஒரு மனுசி. நான் ஒவ்வொரு தொழுகையிலையும் அவக்குத் துஆ கேக்கிறனான்."

பிறகு சொன்னா, புத்தளத்தில் முகாமில் பெண்களுக்குத் தையல் மெசின் கொடுத்தபோது எல்லாரும் எடுத்தார்களாம், மாமி தொடவே இல்லையாம். வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குக் குனிந்தே நாரி எலும்பு போனதாம்.

அம்மா, அந்த விறாந்தையில் எனக்கு உங்கள்மேல் வந்த கோபத்தை எப்படி எழுதுவேன்? அன்று சாக்கிலிருந்து நீங்கள் எடுத்து எரித்தது உங்கள் திண்டைக்கூட இல்லை. மாமியின் முடிச்சு உங்களுக்குத் தெரியும். நாலும் நல்ல திண்டு, இறுக்கிய முடிச்சு, ஒரு பிசகும் இல்லாதது என்று கையால் தொட்டுப் பார்த்துத்தான் நெருப்பில் போட்டிருப்பீர்கள். உங்கள் பேரை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம், அது உங்களுடையது. மாமியின் பேரை விட்டுக்கொடுக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது? எங்களுக்குச் சோறு போட்டீர்கள், சரி. அந்தச் சோற்றில் மாமியின் பங்கும் இருந்தது என்று ஒரு நாளாவது நினைத்தீர்களா? மாமி ஊரைவிட்டுப் போன அன்று கட்டிப்பிடித்து அழுதீர்களே, அப்போதாவது காதுக்குள் சொல்லியிருக்கக்கூடாதா?

சத்தியத்தை அந்த இடத்திலேயே உடைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், அப்பா சொன்னதையும் நான் கண்டதையும். மாமி அசையாமல் கேட்டா.

"ஸ்டோர்ஸ் திண்டோ?"

"ஓம் மாமி."

"என்ட முடிச்சு விடேல்லையோ?"

"விடேல்லை."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, "திரேசாக்கு எப்ப தெரியும்?" என்றா.

"அந்தக் கிழமையே தெரியும்."

மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி உள்ளே போனா. திரும்ப வரவில்லை. மகள் வந்து, "உம்மா படுத்திட்டா, இன்னொரு நாளைக்கு வாங்கோ" என்றா. வரும் பஸ்ஸில் எனக்குச் சத்தியம் மீறிய பயம் வரும் என்று பார்த்திருந்தேன். வரவில்லை. வெட்கம்தான் வந்தது, நம் வீட்டுக்காக.

அடுத்த குழுக்கூட்டத்தில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அப்பா கழற்றியது, போமன் சொன்னது, ஊறாத திண்டு, நீங்கள் எரித்தது, ஒன்றையும் விடவில்லை. இரவல் கதிரைகள் கிறீச்சிட்டன. லம்பேட் அண்ணை என் கடுதாசியை இரண்டாம் முறை வாசித்தார்.

"அப்ப கொப்பாவின்ரை பேரை எடுக்க வேண்டி வரும், செலின். யோசிச்சியளோ?"

"எடுக்க வேண்டாம். அவர் நல்ல பிற்றர், எத்தினை பெட்டியை ஓட வைச்சவர். ஒரு நாள் பயந்து பொய் சொன்னவர். ரெண்டும் உண்மைதான். அவரின்ரை பேர் நிக்கட்டும், முருங்கன் கதையும் சரியா நிக்கட்டும்."

"கொம்மா இருந்திருந்தா இதைச் சொல்ல விட்டிருப்பாவோ?"

"விட்டிருக்க மாட்டா. அதுக்காகத்தான் இண்டைக்குச் சொல்லுறன்."

இதுக்கும் ஒத்துவராவிட்டால் பலகை திறக்கப் பெரியவர்கள் வருகிற அன்று கேற்றை மூட எனக்குத் தெரியும் என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒத்துக்கொண்டார்கள்.

தம்பி யூட் கனடாவிலிருந்து போன் எடுத்தான். "அக்கா, அப்பாவைச் சந்தியிலை கொண்டுபோய் நிப்பாட்டிப்போட்டாய்" என்றான். அஞ்சு பொம்பிளையளைப் பட்டறை வாசலிலை நிப்பாட்டேக்கை நீ தொட்டிலிலை கிடந்தனீ என்று சொன்னேன். வைத்துவிட்டான். அவன் கோபமும் உங்கள் இரத்தம்தான், மூன்று நாளில் எடுப்பான் என்று பார்த்திருக்கிறேன்.

நேற்றுக் காலமை கோச்சிக்குக் கொடி காட்டிவிட்டுத் திரும்பினால் கடவைக்கு அப்பால் ஒரு ஓட்டோ நிற்கிறது. உள்ளே கதீசா மாமி. இறங்கவில்லை, வெயிலுக்கு முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டா.

"பேரைப் போடு மகள். கையெழுத்தும் வைக்கிறன்."

கடுதாசியை ஓட்டோ சீற்றில் விரித்துக் கொடுத்தேன். விரலால் கோட்டைத் தடவிப் பிடித்து, தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினா. அடியில் அச்சடித்திருந்த ஐந்து பேரையும் வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். நீங்கள்தான் முதலில் இருந்தீர்கள், காது வைத்த திண்டைக் கண்டுபிடித்தது நீங்கள் என்பதால் நானே அப்படிப் போட்டிருந்தேன்.

"திரேசாக்கு நான் கேட்ட துஆவைத் திருப்பிக் கேக்கமாட்டன். அது குடுத்தது குடுத்ததுதான்" என்றா மாமி. "ஆனா என்ட பேரை அவட பேருக்குக் கீழை போடாதை. பக்கத்திலையும் போடாதை. மேலை போடு."

அம்மா, புறப்படச் சொல்லி ஓட்டோக்காரனுக்குக் கை காட்டிவிட்டு மாமி போய்விட்டா. நான் கேற்றடியிலேயே நின்று, பேனையால் உங்கள் பேரை வெட்டி இரண்டாவதாக எழுதினேன்.

ஒரு வாக்குத் தருகிறேன், இது நான் மீறாத வாக்கு. அந்தப் பலகையில் கதீசா மாமி முதலாவது, நீங்கள் இரண்டாவது. யார் வந்து மாற்றச் சொன்னாலும், நீங்களே கனவில் வந்து கெஞ்சினாலும், அது மாறாது.

உங்கள் சொல் கேளாத, உங்களை விட்டுக்கொடுக்காத மகள்,
செலின்
தலைமன்னார்